எலி வெட்டிய வயல்: அறிகுறி பார்த்து, மருந்தில்லாமல் சரிசெய்யும் வழி

காலையில் வரப்பில் நடக்கும்போது நாலு தூர் சாய்ந்து கிடக்கும். மறுநாள் பத்து. ஒரு வாரம் போனால் வயலின் நடுவே பாய் விரித்தது போல வெறும் சேறு தெரியும். அந்த நேரத்தில் கடைக்கு ஓடி எலி மருந்து வாங்கி வந்து வைக்கத்தான் தோன்றும். நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன்.

எங்களுக்குச் சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோவிலுக்கும் நடுவில் இரண்டு காணி நிலம். வீராணம் ஏரிப் பாசனம். சம்பா, அது முடிந்ததும் உளுந்து. ஒரு வருஷம் மார்கழியில் மருந்து வைத்த மூன்றாம் நாள், வாய்க்கால் கரைப் பனைமரத்தடியில் ஒரு கூகை ஆந்தை செத்துக் கிடந்தது. வெள்ளை முகம், மண்ணில் குப்புற. அந்த மரத்தில் அது இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மருந்து தின்று தள்ளாடிய எலியை அது பிடித்துத் தின்றிருக்க வேண்டும். எங்களுக்காக இரவெல்லாம் வேலை பார்த்ததை நாங்களே கொன்றுவிட்டோம். எலியோ, அடுத்த பட்டத்தில் முன்னைவிட அதிகமாக வந்தது. கொஞ்சமாகத் தின்று பிழைத்த எலி அந்த மருந்தை மறக்காது. திரும்ப எத்தனை முறை வைத்தாலும் வாய் வைக்காது. கருப்பு மருந்தாகிய சிங்க் பாஸ்பைடில் இது ரொம்ப அதிகம்.

அதற்குப் பிறகு மருந்தை விட்டுவிட்டு, பார்த்துப் பார்த்துச் செய்து கற்றதைக் கீழே எழுதுகிறேன். உங்கள் வயலில் எது தெரிகிறதோ அந்த இடத்திலிருந்து படிக்கலாம்.

பயிர் வெட்டுப்பட்டிருக்கிறது. எலிதானா?

வெட்டுப்பட்ட தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். எலி வெட்டு கத்தியால் சீவியது போலச் சாய்வாக இருக்கும். தூரின் அடியிலிருந்து கொஞ்சம் மேலே இருக்கும். வெட்டிய தண்டு பக்கத்திலேயே கிடக்கும், பாதிதான் தின்றிருக்கும்.

இளநாற்று நீர்மட்டத்தோடு பிய்ந்து மிதந்தால், வரப்பில் உருண்டையான சேற்றுக் குவியலும் இருந்தால், அது நண்டு. நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்தால் அது குருத்துப்பூச்சி. கதிர் வெளுத்து நிமிர்ந்து நின்றாலும் அதே பூச்சிதான். இந்த இரண்டுக்கும் எலிப்பொறி வைத்துப் பயனில்லை. எலி என்று உறுதியான பிறகு மேலே படியுங்கள்.

வரப்பில் வளை நிறைய இருக்கிறது. எத்தனை எலி என்று தெரியவில்லை

எல்லா வேலைக்கும் இதுதான் ஆரம்பம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையில் மண்வெட்டியோடு வரப்பு முழுக்க நடங்கள். கண்ணில் படும் ஒவ்வொரு வளையின் வாயையும் சேற்றுருண்டையால் அடைத்து, உள்ளங்கையால் தட்டி வழவழப்பாக்குங்கள். பக்கத்தில் ஒரு குச்சி நடுங்கள். மறுநாள் விடிந்ததும் வெயில் ஏறுமுன் போய்ப் பாருங்கள். உங்கள் சேறு கலைந்திருப்பது உயிருள்ள வளை. நீங்கள் தட்டிய சேறு அப்படியே இருப்பது வெறும் வளை.

முதல் தடவை நான் செய்தபோது நாற்பத்து மூன்று குச்சி நட்டேன். மறுநாள் திறந்திருந்தவை பதினேழு. நாற்பத்து மூன்றுக்கும் மருந்து வைத்திருந்தால் காசு எவ்வளவு வீணாகியிருக்கும்!

சேறு கலைந்த வாயையும் உற்றுப் பாருங்கள். புதிதாகத் தள்ளிய ஈர மண் விசிறி போல வெளியே குவிந்திருந்தால், அல்லது எலியே உள்ளேயிருந்து மண்ணால் வாயை அடைத்திருந்தால், அது பெரிய வயலெலி. பெருச்சாளியின் தம்பி மாதிரி தடித்த தலை, முரட்டுக் குணம், பிடித்தால் சீறும். நெல்லுக்கு அதிகச் சேதம் செய்வது இதுதான். கதிர் முற்றியதும் வெட்டி இழுத்துக்கொண்டு போய் வளைக்குள் அறை அறையாகச் சேர்த்து வைப்பதும் இதுதான். வாய் திறந்தபடி, மண் குவியல் இல்லாமல், மேட்டாங்காலில் இருந்தால் அது வெள்ளெலி. விரல் நுழையும் அளவுக்குச் சின்ன ஓட்டை என்றால் வயல் சுண்டெலி.

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று சொல்வார்களே, பெரிய வயலெலியைப் பொறுத்தவரை அது அப்படியே உண்மை. வளர்ந்த எலி ஒரு வளையில் ஒன்றுதான் இருக்கும்; குட்டியோடு இருக்கும் தாய் மட்டும் விதிவிலக்கு. ஆனால் ஒரு வளைக்கு நாலைந்து வாய் இருக்கலாம். அதனால் பக்கம் பக்கமாகத் திறந்திருக்கும் வாய்களை ஒரு வளையாகக் கணக்கிடுங்கள். என் பதினேழு வாய் அப்படிக் கணக்கிட்டதில் ஆறு வளையாகிவிட்டது. ஆறு எலி. ஆறு எலியைப் பிடிப்பது செய்யக்கூடிய வேலை.

இனி வழி இரண்டு: புகை, கிட்டி என்னும் பொறி.

புகைக்கு இருளர்கள் செய்வதுதான் எனக்குத் தெரிந்த வரை சிறந்த முறை. கிள்ளை, பிச்சாவரம் பக்கம் இருக்கும் இருளர் குடும்பங்களில் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அடியில் சின்ன ஓட்டை போட்ட மண்பானைக்குள் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, பானையின் வாயை வளை வாயில் கவிழ்த்து, சுற்றிச் சேறு பூசி, அடி ஓட்டை வழியாக ஊதுவார்கள். புகை எந்த வாயில் வெளியே வருகிறதோ அதை அடைப்பார்கள். ஒரே ஒரு வாயை மட்டும் விட்டுவைத்து அங்கே ஆள் நிற்பார். அதற்குப் பிறகுதான் வெட்டுவார்கள். உள்ளே இருக்கும் நெல் வெட்டுகிறவருக்கு என்பது வழக்கம். கூலியோடு அதையும் மனதாரக் கொடுங்கள். வெட்டிய வரப்பை அன்றைக்கே மிதித்து அண்டை கட்டிவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிற்காது.

ஒன்றை மறக்கவே கூடாது. வளைக்குள் கையை விடாதீர்கள். எலி வளையில்தான் நல்ல பாம்பு தங்கும்.

கிட்டி வைத்தேன், எலி விழவில்லை

தஞ்சாவூர்க் கிட்டி என்று சொல்லும் மூங்கில் வில் பொறி எங்கள் பக்கமும் உண்டு. இரையை இழுத்ததும் வில் தெறித்து, கயிறு எலியின் கழுத்தை நெரிக்கும். கிட்டி விழாததற்கு நான் பார்த்த காரணங்கள் மூன்று.

முதலாவது, இடம். வயல் நடுவில் ஆசைக்கு வைத்தால் விழாது. எலி தினமும் ஒரே தடத்தில்தான் போகும். பயிருக்குள் குனிந்து பார்த்தால் தூருக்கு இடையில் வழவழவென்று ஒரு ஓடுபாதை தெரியும். ஈரச் சேற்றில் கால் தடமும் புழுக்கையும் இருக்கும். கிட்டி அந்தத் தடத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் வயலில் சேற்றை ஒரு சாண் உயரத்துக்குத் திட்டாகக் கூட்டி, அதன்மேல் வையுங்கள். நீந்தி வரும் எலி மேட்டைப் பார்த்ததும் ஏறும்.

இரண்டாவது, அவசரம். எலிக்குப் புதுப் பொருள் என்றால் சந்தேகம். முதல் இரண்டு மூன்று இரவு கிட்டியைப் பூட்டாமல், இரையை மட்டும் வைத்து விடுங்கள். தின்று பழகட்டும். அப்புறம் பூட்டுங்கள்.

மூன்றாவது, இரை. சுற்றிலும் நெல் பால் பிடித்து நிற்கும்போது நெல்லை வைத்தால் எது வந்து தொடும்? எங்கள் ஊருக்குக் கிட்டி வைக்க வரும் பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன். "வயல்ல கெடைக்காதத வைங்க தம்பி" என்றார். அவர் வைத்தது சுட்ட கருவாட்டுத் துண்டு. வாசம் எனக்கே பத்தடி தூரத்தில் வந்தது.

பிடிபட்டதைக் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். கூண்டில் உயிரோடு விழுந்ததை அடுத்தவர் வயலில் கொண்டுபோய் விடாதீர்கள்.

ஓரம் பச்சையாக இருக்கிறது, நடுவயல் மொட்டையாகிவிட்டது

எலி ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் ஆரம்பிக்கும். பருந்துக்கும் மனிதனுக்கும் மறைவு அதுதான். அதனால் வரப்பில் நின்று பார்த்துவிட்டு 'பயிர் நல்லா இருக்கு' என்று திரும்பி விடக்கூடாது. வாரம் ஒருமுறை உள்ளே இறங்கி நடங்கள்.

பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்தது. தூர் கட்டும் பருவம் என்றால் மனம் தளர வேண்டாம். பயிர் புதுத் தூர் விட்டு ஓரளவு ஈடு செய்துவிடும். உடனே வளை கணக்கெடுத்துப் பிடியுங்கள். பொதிப்பருவம், அதாவது கதிர் வெளியே வருமுன் தண்டுக்குள் தொண்டை உருளும் நேரம் என்றால் வெட்டுப்பட்டது போனதுதான். எலிக்குக் குட்டி போடும் காலமும் அதுவே. சத்தான இளங்கதிர் கிடைத்ததும் இனப்பெருக்கம் வேகம் பிடிக்கும். சுமார் மூன்று வாரச் சினை, ஈற்றுக்கு ஆறு எட்டுக் குட்டி, சில சமயம் அதற்கும் மேல். புரட்டாசியில் ஒரு பெண்ணெலியைப் பிடித்தால், மார்கழியில் ஒரு குடும்பத்தைத் துரத்த வேண்டியதில்லை. பொதிக்கு முன்னால் பிடித்து முடிப்பது என்பதை மட்டும் யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் எத்தனையோ மூட்டை மிஞ்சியிருக்கும்.

பொதி தாண்டிவிட்டது, இப்போதுதான் பார்க்கிறேன் என்றால், மொட்டையான இடத்தைச் சுற்றிக் கிட்டியை நெருக்கமாக வையுங்கள். தின்ற இடத்தின் விளிம்பிலிருந்துதான் எலி அடுத்த இரவு தொடரும்.

இந்தப் பதற்றத்தில் சிலர் வயலைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது சட்டப்படி குற்றம். எலிக்கும் பன்றிக்கும் வைத்த கம்பியில், இரவில் தண்ணீர் கட்டப் போன மனிதர்கள் செத்த செய்தி நம் மாவட்டப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. செத்தவர் பல சமயம் கம்பி கட்டியவர் வீட்டு ஆளேதான்.

பிடிக்கிறேன், பத்தே நாளில் திரும்ப வந்துவிடுகிறது

அது உங்கள் எலி இல்லை, பக்கத்து நிலத்து எலி. காலியான வளைக்குப் புதுக் குடி வந்திருக்கிறது.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தாலும், தண்ணீர் கீழணைக்கு வந்து, வடவாறு வழியாக வீராணம் நிரம்பி, எங்கள் மடைக்கு வர நாளாகும். மோட்டார் உள்ளவர் முன்னால் நடுவார். இல்லாதவர் தண்ணீருக்குக் காத்திருந்து நேரடியாக விதைப்பார். ஒரே வெளியில், அதாவது ஒட்டிக் கிடக்கும் வயல்களில், ஒரு வயல் பொதியிலும் அடுத்தது நாற்றிலும் இருக்கும். எலிக்கு வீடு வீடாக விருந்து. முடிந்தவரை ஒரு வெளியில் இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்குள் விதைத்து முடிப்பது, எந்தப் பொறியைவிடவும் பெரிய காரியம். சொல்வது சுலபம், நடப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எங்கள் வெளியில் பதினோரு பேர். அதில் ஏழு பேர்தான் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஏழு பேர் நிலம் ஒட்டினாற்போல இருந்ததால் அந்த வருஷமே வித்தியாசம் தெரிந்தது.

சேர்ந்து பிடிக்கச் சரியான நேரம் உளுந்து, பயறு பிடுங்கிய பிறகு, பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும். வயலில் தின்ன எதுவும் இல்லை. எலி குறைவு, பசி அதிகம், பொறியில் வந்து விழும். களிமண் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்திருக்கும் வெடிப்புகளிலும் எலி ஒண்டியிருக்கும்; கோடை உழவு ஓட்டினால் அந்த வீடு போய்விடும். தை மாதம் நெல் அறுக்கும் முன்பே உளுந்து தெளித்துவிடுகிறோம் இல்லையா, அதனால் நமக்கு நடுவில் இடைவெளியே கிடையாது. சித்திரையை விட்டால் அந்த வருஷம் வேறு வாய்ப்பு இல்லை.

அடுத்தது வரப்பு. ஆள் படுக்கும் அகலத்துக்கு வரப்பு இருந்தால் அது எலிக்குக் கட்டிக்கொடுத்த வீடு. ஒரு அடி அகலம், அதற்கு மேல் போகாத உயரம் என்று அண்டை வெட்டிச் சிறிதாக்குங்கள். உள்ளே அறை போட இடம் இருக்காது. வாய்க்கால் கரையில் மண்டியிருக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டுங்கள். வைக்கோல் போரை வயலோரம் போடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் மூழ்கினால் இன்னொரு வாய்ப்பு வரும். வெள்ளம் ஏறினால் எலியெல்லாம் பெருவரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கும். தண்ணீர் வடியும் அந்த இரண்டு மூன்று நாளில் கரையில் வளை பார்த்துக் கிட்டி வைத்தால், வயல் முழுக்கத் தேடும் வேலை மிச்சம். பாம்பும் அதே கரையில்தான் ஒதுங்கும், கவனம்.

பறவைக் குச்சி நட்டேன், ஆந்தை வரவில்லை

குச்சி பயிருக்குச் சமமான உயரத்தில் இருந்தால் வராது. பயிருக்கு மேலே மூன்றடியாவது நிற்க வேண்டும், உட்காரும் இடம் அகலமாக இருக்க வேண்டும். ஓலையை நறுக்கிய பனைமட்டையை, அகன்ற அடிப்பக்கம் மேலே வரும்படி தலைகீழாக நட்டால் போதும், காசு செலவில்லை. நான் ஏக்கருக்கு இருபது நடுகிறேன், நடவு முடிந்த வாரத்திலேயே.

பக்கத்தில் கண்ணைக் கூசும் விளக்கு இருந்தால் அணையுங்கள். பழைய பனைமரம், பொந்துள்ள புளியமரம் இருந்தால் வெட்டாதீர்கள். மருந்து வைக்கும் பக்கத்து வயல்காரரிடம் பேசுங்கள்.

வந்ததா என்று தெரிய ராத்திரி காத்திருக்க வேண்டாம். காலையில் குச்சிக்கு அடியில் பாருங்கள். வெள்ளை எச்சமும், கட்டைவிரல் பருமனுக்குச் சாம்பல் நிற உருண்டையும் கிடக்கும். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காததைக் கக்கியது அது. ஒன்றைக் குச்சியால் பிரித்துப் பார்த்தேன். பஞ்சு போல மயிர், நடுவில் ஊசி ஊசியாக எலும்பு, ஒரு சின்ன மண்டையோடு, அதில் மஞ்சளாக வளைந்த இரண்டு முன்பல். மரத்தடியில் செத்துக் கிடந்த அந்தப் பழைய கூகையைத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

பால் பிடிக்கும் பருவத்தில் அதே மட்டையில் கிளியும் குருவியும் உட்காரும். அப்போது பிடுங்கிவிடுங்கள்.

சாரைப்பாம்பையும் கீரியையும் அடிக்காமல் விடுவதும் இதே கணக்கில்தான் சேரும். பளபளக்கும் பாலித்தீன் கீற்று, சத்தம் எழுப்பும் கருவி இவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. சில நாள் எலி ஒதுங்கும், அப்புறம் பழகிவிடும்.

கரும்பின் அடிக்கணு கடிபட்டிருக்கிறது

சாய்ந்த கரும்பில்தான் இது அதிகம். ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் சோகையை, அதாவது காய்ந்த இலையை, உரியுங்கள், விட்டம் கட்டிக் கரும்பை நிமிர்த்துங்கள். உரித்த சோகையைக் கரையில் குவித்து வைத்தால் எலி அங்கே குடியேறும்.

தென்னையில் குரும்பை உதிர்கிறது

என் மாமனார் வீட்டுத் தோப்பு பாகூரில். உதிர்ந்ததை எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். காம்புப் பக்கம் வட்டமாக ஓட்டை இருந்தால் எலி. ஓட்டை இல்லாமல் உதிர்ந்தால் சத்துக் குறைவோ தண்ணீர்க் குறைவோ வேறு எதுவோ. காயின் மேல் பழுப்புத் தழும்பு மட்டும் இருந்தால் அது சிலந்திப்பேன்.

எலி என்றால், தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில் ஒன்றேகால் அடி அகலத் தகரப் பட்டையை மரத்தைச் சுற்றி இறுக்கமாக அடியுங்கள். நகம் பிடிக்காமல் வழுக்கிவிடும். பட்டை அடித்தும் உதிர்ந்தால் மேலே பாருங்கள்: பக்கத்து மரத்தின் மட்டை இந்த மட்டையைத் தொடுகிறதா? எலி தரைக்கு இறங்காமலே தோப்பு முழுக்கச் சுற்றும். அப்படித் தொடும் மரங்கள் எல்லாவற்றுக்கும் பட்டை வேண்டும். காய் பறிக்க ஏறும்போது காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை எல்லாவற்றையும் கழிக்கச் சொல்லுங்கள். எலி கூடு கட்டுவது அதில்தான்.

வீட்டில் வைத்த விதைநெல் மூட்டை கடிபடுகிறது

இது வயலெலி இல்லை, வீட்டெலி. வளை தோண்டாது, ஏறும். கூரையைத் தொடும் கிளையை முதலில் வெட்டுங்கள். அரை அங்குல இடைவெளியிலேயே எலி நுழையும், சுண்டெலிக்கு அதில் பாதி போதும். கதவின் அடியில் தகரம் அடித்து, சுவர் ஓட்டையைச் சிமெண்ட்டில் கண்ணாடித் தூள் கலந்து அடையுங்கள். மூட்டையைப் பலகைமேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் நீங்கள் நடக்க முடிந்தால், புழுக்கை விழுந்த அன்றைக்கே தெரிந்துவிடும். பொறியைச் சுவரை ஒட்டி வையுங்கள். எலி சுவரை உரசிக்கொண்டேதான் ஓடும்.

எலி பிடித்த பிறகு காய்ச்சல் வருகிறது

எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர், காலில் இருக்கும் வெடிப்பு வழியாகவே உடம்புக்குள் போகும். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. திடீர்க் காய்ச்சல், ஆடுசதையில் கடும் வலி, கண் சிவப்பு, சில பேருக்குக் கண் மஞ்சள். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், 'எலி இருக்கிற சேற்று வயலில் வேலை செய்தேன்' என்று நீங்களாகவே சொல்லுங்கள். மருத்துவர் எதைத் தேட வேண்டும் என்பது அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிடும்.